வால்வு அண்ணன் வைத்த பொட்டு

கெடா மாநிலத்தில் மண்ணுக்கடியில் ஓடும் தண்ணீரோடு பேச்சுவார்த்தை நடத்தத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் வால்வு அண்ணன். மற்ற எஞ்சினியர்கள் எல்லாம் வெறும் பட்டதாரிகள்.

புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் 'பல்கலைக்கழகக் கிராமம்' கட்டப் புறப்பட்டார்கள். வகுப்பறைகள், மாணவர் விடுதி, கடைவீடுகள், கிளினிக் எல்லாம் ஒரே வளாகத்தில். அதற்குத் தண்ணீர்க் குழாய்த் திட்டம் போடும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அலுவலகம் என்றால் பாஸ், நான், ஒரு பிரிண்டர். சீனரான பாஸ் கணக்குப் போடுவார். நான் பிளான் வரைவேன். பிரிண்டர் மக்கர் செய்யும்.

பழைய குழாய்கள் எங்கே புதைந்திருக்கின்றன என்று காட்டத்தான் அண்ணனை வேலைக்கு எடுத்தோம். தோட்டத்துப் பம்பை முப்பது வருஷம் ஓட்டி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு வேளாவேளைக்கு வால்வு திறந்துவிட்டவர். கையில் எப்போதும் ஓர் இரும்புக் கம்பி. ஒரு நுனியை மண்ணில் ஊன்றி, மறு நுனியில் காதை வைத்துக் கண்ணை மூடுவார்.

"ஓடுது தம்பி" என்பார்.

பாஸின் கருவி ஓரிடத்தில் குழாயே இல்லை என்றது. அண்ணன் இருக்கிறது என்றார். பாஸ் கருவியை நம்பித் தோண்டச் சொன்னார். ஊருக்குப் போகிற மெயின் குழாய் உடைந்து, பாஸ் உள்பனியன் வரை நனைந்தார். "கருவிக்குக் காது இல்ல பாஸ்" என்று மலாயில் ஆறுதல் சொன்னார் அண்ணன். பாஸிடம் பேசுவது மலாயில். திட்டுவது மட்டும் தமிழில்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் என்று கிராமத்தைக் கட்டும் மேம்பாட்டாளர்களுக்குப் பாஸ் விளக்கிக்கொண்டிருந்த கூட்டத்தில் அண்ணன் கை தூக்கினார்.

"தீபாவளிக்கு என்ன பண்ணுவீங்க?"

"என்ன தீபாவளி?"

"விடியக்காலையில எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல எண்ணெய் வச்சுத் தலை குளிப்பாங்க. உங்க விடுதிப் பிள்ளைங்களும் பரீட்சை அன்னிக்கு ஒண்ணாத்தான் குளிக்கும். அந்த அரை மணி நேரத்துக்குக் கணக்குப் போடுங்க லா. மத்த நேரம் தண்ணி தானா ஓடும்."

கூட்டமே சிரித்தது. மறுநாள் பாஸ் சத்தமில்லாமல் தொட்டியின் அளவைக் கூட்டியிருந்தார்.

பம்பு நின்றுபோனதிலிருந்து, லயத்தில் மிச்சமிருந்த ஏழு வீடுகளுக்கு வாரம் இரண்டு நாள் லாரித் தண்ணீர்தான். அதில் ஒரு வீடு அண்ணனுடையது. ஒருநாள் என் பிளானைக் குனிந்து பார்த்தார்.

"எங்க வீடு எங்க தம்பி?"

"இங்கண்ணே... பசுமைப் பகுதின்னு போட்டிருக்கு."

"நாங்க இன்னும் சாவலயே. அதுக்குள்ள மேல புல்லு முளைக்க வச்சிட்டீங்களா?"

அவர்கள் தருவதாகச் சொன்ன அடுக்குமாடிக்குப் போய்விடுவார்கள் என்றார் பாஸ். "பத்து வருசமா போயிக்கிட்டேதான் இருக்கோம் பாஸ்" என்றார் அண்ணன்.

அன்று முதல் தினமும் மத்தியானம் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஒரு தே தாரேக் டீ என் நாற்காலியில் தொங்கும். பக்கத்தில் அவர்.

"ஒரு வால்வு போடு தம்பி. எங்க லயத்துக்குக் கிளை பிரிக்க ஒண்ணே ஒண்ணு. பெரிய குழாயி அந்த வழியாத்தானே போவுது?"

"பாஸ் சிவப்புப் பேனாவால புள்ளி வச்சாத்தான் நான் போட முடியும் அண்ணே. அதுதான் இங்க சட்டம்."

"சிவப்பா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆயுத பூசையன்று யாரும் கேட்காமலே வந்து அலுவலகம் முழுக்கச் சந்தனம் குங்குமம் வைத்தார். பிரிண்டருக்கு, என் கணினிக்கு, பாஸின் கால்குலேட்டருக்கு. விட்டால் பாஸுக்கே வைத்திருப்பார். மறுநாள் பாஸ் திருத்திய பிளான்களை ஸ்கேன் செய்து திரையில் பார்த்தேன். ஏழு வீடுகள் இருந்த பச்சையின் ஓரம், பெரிய குழாயின் மேல், சிவப்பாக ஒரு புள்ளி. வால்வைப் போட்டேன். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

"பாஸே புள்ளி வச்சிட்டாரு அண்ணே!"

"பாஸு நல்ல மனுசன்டா" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

குழாய் பதிக்கும் வேலை லயம் வரை வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். காலையில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அன்று லாரி வராத நாள். கட்டுமானத் தளத்துத் தொட்டியிலிருந்து பெயிண்ட் வாளிகளில் மோட்டார் சைக்கிளில் தண்ணீர் கொண்டுபோனேன். பாதி வழியிலேயே சிந்திவிட்டது. ஒரு தோட்டத்துக்கே தண்ணீர் திறந்துவிட்ட மனிதரை நாலு அரை வாளியில் குளிப்பாட்டினோம். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வால்வு பதித்த பிறகுதான் பாஸ் கேட்டார், இதை யார் போடச் சொன்னது என்று. நீங்கள்தான் என்று மூலத் தாளை எடுத்து நீட்டினேன். அவர் விரலால் புள்ளியைத் தேய்த்தார். விரல் சிவந்தது. பேனா மை அப்படி உதிராது. குங்குமம். விரலைப் பார்த்தார், இன்னும் துடைக்காமல் வைத்திருந்த கால்குலேட்டர் பொட்டைப் பார்த்தார்.

"சூடா பாசாங், பியார் லா" என்றார். போட்டாச்சு, இருக்கட்டும். மறுவாரம் ஏழு வீடுகளுக்கும் இணைப்புக் கேட்டு அவரே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷத் தீபாவளி விடியலில் லயத்துக்குப் போனேன். அண்ணன் வீட்டில் அந்த வருஷம் பண்டிகை இல்லை. அவர் மனைவி வாசலில் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தார். மற்ற ஆறு வீட்டிலும் பிள்ளைகள் எண்ணெய்த் தலையோடு கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்தன.

"தண்ணி கொறயுதா பாரு தம்பி" என்று அண்ணி உள்ளே போய் அந்தக் கம்பியை எடுத்து வந்து கொடுத்தார்.

வால்வின் மேல் ஊன்றிக் காதை வைத்தேன். கண் தானாக மூடிக்கொண்டது.

"ஓடுது அண்ணே" என்றேன்.