ஆமாங்க, அதோட…

ஆவடி முதல் பூந்தமல்லி வரை நடமாடும் அத்தனை மனிதப் பிறவிகளையும் எடை போட்டு, ரகம் பிரித்து, மூட்டை கட்டி வைத்தாயிற்று. சரி, அத்தனை பேரையும் இல்லை. அண்ணனூர் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்கு நின்றவர்களை மட்டும். அதிலும் ஒரே ஒரு பிளாட்பாரத்தில், மழைக்கு ஒதுங்கிய அரை மணி நேரத்தில். ஆனாலும் அதற்குள்ளேயே ஓர் அபூர்வ ரகம் அகப்பட்டுவிட்டது. அந்த ரகத்துக்குப் பெயர் ‘ஆமாங்க-அதோட’ ஆசாமி.

‘ஆமாம் சாமி’யை உங்களுக்குத் தெரியும். அது பூம்பூம் மாடு; தலையை ஆட்டுவதோடு சரி. இவர் தலையையும் ஆட்டுவார், உறுமியையும் அடிப்பார், உங்கள் பழைய வேட்டியையும் வாங்கிக்கொண்டு போவார். “மழை வரும் போலிருக்கே” என்று நீங்கள் சும்மா சொன்னால், “ஆமாங்க, அதோட செம்பரம்பாக்கம் ஏரியும் நாளைக்கு ரொம்பிடும்” என்பார். வானத்தில் கையகல மேகம்தான் நிற்கும். கல்யாணப் பந்தியில் சாம்பார் அடிப்பிடித்துப் பெண் வீட்டார் முகம் கறுத்துப்போயிருக்கும்போது, “ஆமாங்க, பிடிச்சுத்தான் கீது, அதோட இந்த வாசனைக்குன்னே சாப்புடற ஆளு நானு” என்று இரண்டாம் முறை கேட்டு ஊற்றிக்கொள்வார். பெண்டாட்டி “உனக்குப் புத்தியே கெடையாது” என்றால்? “ஆமா, அதோட காதும் கொஞ்சம் மந்தம்.” இவரோடு எப்படித்தான் சண்டை போடுவது?

இந்த ரகத்தில் முதல் தரச் சரக்கு வேம்புலி. நூம்பல்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில், தண்ணீர் பம்புக்கு உள்ளுறுப்புகள் செய்கிற ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அது பகல் பிழைப்பு. அம்மன் கோயில் திருவிழா வந்தால் பாரதக் கூத்தில் கட்டியங்காரன் வேஷம். ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறி, அவரைக் கேலியும் செய்து, கூட்டத்தோடு வாயாடுகிற வேஷம். அந்த வேஷத்துக்கு வசனம் எழுதி வைக்கிற வழக்கமில்லை. வாய்க்கு வந்ததுதான் வசனம். ஒரே ஒரு சட்டம் உண்டு: மேடையில் ‘இல்ல’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் கூத்து அங்கேயே படுத்துவிடும். எவன் எதைப் போட்டாலும் எடுத்துக்கொள், மேலே ஒன்றைப் போடு.

துரியோதனன் கிரீடம் கழன்று கூட்டத்துக்குள் உருண்டபோது, “மகாராஜா, ஒரு வழியா தலைக்கனத்த எறக்கி வெச்சுட்டீங்களா!” என்றவர் வேம்புலி. தருமர் சூதாடிக்கொண்டிருக்கையில் தெருநாய் ஒன்று மேடையேறி நடுவில் உட்கார்ந்தது. வேறொருவராக இருந்தால் கல்லைத் தேடியிருப்பார். வேம்புலி அதைக் கும்பிட்டு, “வா ராசா! சொர்க்கத்துக்குப் போறப்ப வரவேண்டிய ஆளு, சூதாட்டத்துக்கே வந்துட்டியே!” என்றார். கூட்டம் அடங்கக் கால் மணி ஆயிற்று. நாயும் தன் பங்கை நன்றாகவே செய்ததாகக் கேள்வி.

இப்பேர்ப்பட்டவருக்குக் கம்பெனியில் வரும் மாற்றமெல்லாம் எந்த மூலைக்கு?

தொண்ணூறு பிறந்ததும் அம்பத்தூரில் மாற்றங்கள் மழைக்கால ஈசலாகக் கிளம்பின. முதலில் கார்டு அடிக்கிற கடிகாரம் வந்தது. பிறகு, எந்தச் சாமான் எங்கே இருக்க வேண்டுமென்று தரையெல்லாம் மஞ்சள் கோடு வந்தது. பிறகு, காலையில் வேலை தொடங்குமுன் கையைக் காலை ஆட்டுகிற ஜப்பான் தேகப்பயிற்சி வந்தது. பிறகு கம்ப்யூட்டர் லேத் வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆனா’க்காரர்கள் வரிசையாக நின்றார்கள்: ஆனா சார், லேத்துக்குக் கை வேணும் சார், ஆனா சார், மூட்டு வலி சார். வேம்புலி மட்டும், “ஆமாங்க சார், தேகப்பயிற்சி செய்வோம், அதோட ரெண்டு பாட்டும் பாடுவோம்” என்றார். இரண்டே வருஷத்தில் செகண்ட் ஷிப்டின் லைன் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. ‘ஆனா’க்காரர்கள் அவரிடம் லீவுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

இதுவரை எல்லாம் வெற்றி. பிறகு தொண்ணூற்று நாலில் ஐ.எஸ்.ஓ. வந்தது.

அது என்ன என்று எவருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: வெளியூரிலிருந்து ஆடிட்டர் ஒருவர் வருவார், கேள்வி கேட்பார், திருப்தியானால் சர்டிபிகேட் வரும். சர்டிபிகேட் வந்தால் ஜெர்மனி ஆர்டர். வராவிட்டால் செகண்ட் ஷிப்டுக்கு மூடுவிழா. இருபத்திரண்டு பேர் வீட்டுக்கு. அந்த இருபத்திரண்டில் பாதிப் பேர் வேம்புலியே நூம்பலிலிருந்து அழைத்துவந்து சேர்த்தவர்கள். “வேல நெலைக்குமாண்ணே?” என்று அவர்கள் கேட்டபோது என்ன சொல்லியிருப்பார்? “ஆமாய்யா, அதோட பர்மனென்ட்டும் ஆயிடும்.”

தரப்பிரிவு அதிகாரி ஜானகிராமன் மூன்று மாதம் சாக்பீஸ் கரையக் கரையச் சொல்லிக்கொடுத்தார்: “செய்யறத எழுது, எழுதினதச் செய். அவ்வளவுதான் ஐ.எஸ்.ஓ.” எல்லாரும் எழுதினார்கள். ஆனால் அவருக்குத் தூக்கம் கெட்டது இவர்களால் அல்ல. ஆடிட்டுக்கு முதல் நாள் வேம்புலியைத் தனியே கூப்பிட்டார்.

“நாளைக்கு நீங்க லீவு எடுத்துக்குங்க வேம்புலி.”

“ஆமாங்க சார், லீவு போட்டுடறேன். அதோட கொஞ்ச நேரம் வந்து வேலையும் பாத்துட்டுப் பூடறேன்.”

“வந்தா வாயே தொறக்கக் கூடாது.”

“தொறக்க மாட்டேன் சார். அதோட சிரிச்சுகினே கீறேன்.”

ஜானகிராமன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கு மேலே சொல்ல ஐ.எஸ்.ஓ. புத்தகத்தில் ஒன்றுமில்லை.

ஆடிட்டர் பெயர் உலகநாதன். கோயம்புத்தூர்க்காரர், ழகரம் சுத்தமாக வருகிறவர். ஒல்லி. பேனா மூடியைக் கழற்றாமலே நாலு கம்பெனிகளை நடுங்க வைத்தவர் என்று அவருக்குமுன் அவர் பெயர் வந்து சேர்ந்திருந்தது. அவர் வாயில் ஒரே கேள்விதான்: “எழுத்துல இருக்குதுங்களா?”

மஞ்சள் கோட்டருகே நின்று, “இது எதுக்குங்க?” என்றார். ஜானகிராமன் தொண்டையைச் செருமுவதற்குள், “கோடுங்க. அதோட இதத் தாண்டி யாரும் வரமாட்டோம் சார்” என்றார் வேம்புலி. கோட்டுக்கு இரண்டடி உள்ளே நின்றுகொண்டுதான் சொன்னார். ஆடிட்டர் அவர் காலைப் பார்த்தார். வேம்புலியும் குனிந்து பார்த்து, யாரோ வைத்துவிட்டுப் போன காலைப் போல் அதை மெல்ல வெளியே எடுத்து வைத்தார்.

அடுத்தது கம்ப்யூட்டர் லேத். அதன் நெற்றியில் கயிற்றில் கட்டி ஓர் எலுமிச்சம்பழம் தொங்கிற்று. ஆயுத பூஜையன்று கட்டியது. அதற்கு முந்தின வாரம்தான் அந்த மெஷின் ஒருவர் விரல் நகத்தைப் பெயர்த்திருந்தது. பழம் கட்டிய பிறகு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே ஜானகிராமன் உட்பட ஒருவரும் அவிழ்க்கத் துணியவில்லை.

“இது என்னங்க?”

இங்கே ஒரு விஷயம். எங்கள் பக்கத்து நாக்கில் பழமும் பயம்தான்.

“பயங்க சார்” என்றார் வேம்புலி.

“பயமா? யாருக்கு?”

“மெஷினுக்கு சார். தெனமும் பயம் பாக்கறோம். அதோட வெள்ளிக்கெழமைன்னா புதுப் பயம்.”

ஆடிட்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார். ஜானகிராமன் கண்ணை மூடிக்கொண்டு, “பழம் சார், பழம், எலுமிச்சம்பழம்” என்றார், மந்திரம் சொல்கிறவர்போல.

“பழம் எதுக்குங்க மெஷின்ல?”

ஜானகிராமன் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. கூத்து நிற்கப் போகிறது. வேம்புலிக்கு அது பொறுக்குமா? பின்னால் நூம்பல்காரர்கள் பதினொரு பேர் முன்வரிசை ஜனம்போல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“காத்துல ஈரம் எவ்ளோ கீதுன்னு பாக்கறதுக்கு சார். பயம் சுருங்கிச்சுன்னா காத்து காஞ்சுகீதுன்னு அர்த்தம். கம்ப்யூட்டர் மெஷின் இல்லியா, ஈரம் ஆவாது.”

சொல்லிமுடித்தபோது அவருக்கே அது உண்மை போலத்தான் இருந்தது.

“எழுத்துல இருக்குதுங்களா?”

“ஆமாங்க, அதோட ரிஜிஸ்டரே கீது. ஸ்டோர்ல.”

“எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

ஸ்டோரில் இருந்தது ஷரீஃபுன்னிசா. பூந்தமல்லிப் பெண். கம்பெனி ரிஜிஸ்டர் அத்தனையும் அவள் பொறுப்பு. ஆபீஸ் டைப்பிங்கும் அவள் தலையில்தான். கூப்பிட்டதும் வந்து நின்றாள். “எலுமிச்சம்பழ ரிஜிஸ்டர்” என்று ஆடிட்டர் கேட்டதும் அவள் வேம்புலியைப் பார்த்தாள். வேம்புலி புருவத்தைத் தூக்கினார், கண்ணைச் சிமிட்டினார், உள்ளங்கையில் எழுதிக் காட்டினார். ஸ்டோரில் புது நோட்டுகள் இரண்டு டஜன் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து நாலு தேதி கிறுக்க எவ்வளவு நேரம்?

“அப்படி ஒண்ணு இல்ல சார்” என்றாள் ஷரீஃபுன்னிசா. “திருஷ்டிக்குக் கட்டினது. அவுக்க இங்க யாருக்கும் தைரியம் கெடையாது.”

இல்ல! நடுமேடையில், நட்டநடுக் கூத்தில், ‘இல்ல’! வேம்புலியின் வாய்க்குள் பதினாறு வழி திறந்தது. இந்தப் பொண்ணு புதுசு சார். ரிஜிஸ்டர் பைண்டிங்குக்குப் போய்கீது சார். எலி தின்னுடுச்சு சார், அதோட எலிக்கும் ஒரு ரிஜிஸ்டர் கீது சார். எதை எடுத்தாலும் ஓடும். எதை எடுத்தாலும் இந்தப் பெண் பொய்க்காரி ஆவாள். அவள் கையைக் கட்டிக்கொண்டு நேரே அவரைப் பார்த்து நின்றாள். கூத்தில் எத்தனையோ பேர் போட்டதை அவர் எடுத்துக்கொண்டதுண்டு. எடுக்குமுன் அது என்னவென்று காதில் வாங்கியதாக அவருக்கு ஞாபகமில்லை.

“ஆமாங்க” என்றார் வேம்புலி.

எல்லாரும் காத்திருந்தார்கள். ஜானகிராமன் ஒரு கண்ணைத் திறந்தார். ஆடிட்டரும் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார். கடைசியில் அவரே கேட்டார்:

“அதோட?”

“அதோட ஒண்ணுமில்லீங்க. தங்கச்சி சொன்னதுதான் நெசம். நான் சொன்னது பொய்யி.”

ஆடிட்டர் வெகுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்பது மூன்று வாரம் யாருக்கும் தெரியாது. அந்த மூன்று வாரமும் வேம்புலி யார் என்ன சொன்னாலும் “ஆமாங்க”வோடு நிறுத்திக்கொண்டார். பெண்டாட்டி பயந்துபோய் டாக்டரிடம் அழைத்துப் போனாள். பிறகு தபால் வந்தது. சர்டிபிகேட். கூடவே ஒரே ஒரு குறிப்பு: “இயந்திரத்தின்மேல் எழுத்தில் இல்லாத பழம் ஒன்று உள்ளது. அகற்றவும் அல்லது எழுதவும்.” அகற்ற யார் இருக்கிறார்கள்? எழுதினார்கள். வெள்ளிக்கிழமை தோறும் மாற்றப்படும்; மாற்றுபவர் வேம்புலி, சரிபார்ப்பவர் ஷரீஃபுன்னிசா. ஜெர்மனிக்குப் போன பம்புகளுக்குத் திருஷ்டி படவில்லை என்றே தகவல்.

இதைப் படித்ததும் நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது தெரியும். “எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு ஆளு இருக்காரு” என்பீர்கள். ஆமாங்க. அதோட, அவர் உங்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் மேலதிகாரி “இது முடியுமா?” என்று கேட்டு வாயை மூடுமுன் “முடியும் சார், அதோட…” என்று ஆரம்பித்தது யார்? அந்த ரிஜிஸ்டர் இப்போது எங்கே இருக்கிறது?

வேம்புலி என்னவோ இரண்டே மாதத்தில் தேறிவிட்டார். கேன்டீனில் புது ஆள் யார் வந்தாலும் டீ கிளாசோடு இந்தக் கதை உண்டு. ஆடிட்டர் எழுந்து கைகொடுத்தது, ஜெர்மனிக்காரன் எலுமிச்சம்பழம் கேட்டுக் கடிதம் போட்டது எல்லாம் இப்போது அதில் சேர்ந்திருக்கிறது. ஒரு நாள் அப்படிச் சொல்லி முடிக்கும்போது மார்பில் கைவைத்து, “ஒரே ஒரு ‘ஆமாங்க’ நைனா! இருபத்திரெண்டு பேரு வேல தப்பிச்சுது” என்றார்.

பக்கத்து மேஜையில் ஷரீஃபுன்னிசா டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

“இருபத்திமூணுண்ணே. வீட்டுக்கு அனுப்பற லிஸ்ட்ட டைப் அடிச்சதே நான்தான். கடைசிப் பேரு என்னுது.”