மாத்திரை போதும், குச்சி வேண்டாம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

நலம். உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் கோபமும் தணிந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நீங்கள் மருந்து கொடுக்கும் கிளினிக்குக்குத்தான் நானும் வந்து போகிறேன் என்றாலும், இதை உங்கள் கவுண்டரில் நின்று சொல்ல முடியாது; பின்னால் வரிசை நிற்கும். போனிலும் முடியாது. நான் இருக்கும் தம்பி வீட்டில் ஒரு அறையில் தும்மினால் எல்லா அறையிலிருந்தும் விசாரிக்க வருகிறார்கள்.

மணவிலக்குக்குப் பிறகு என் பழக்கவட்டம் சற்று விரிவடைந்ததும், எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையை நீங்கள்தான் சொல்லி ஆரம்பித்து வைத்தீர்கள். புண்ணியமாகப் போகட்டும். ஆனால் மற்ற பால்வினை நோய்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் உண்டு என்பதை ஏன் சொல்லவில்லை? கிளினிக் சிஸ்டர் தங்கமானவர். "சார், சாம்பிள் நாங்க எடுக்கட்டுமா, இங்கயே நீங்களே எடுத்துக்கிறீங்களா, இல்ல டெஸ்ட் பெட்டிய வீட்டுக்கு அனுப்பட்டுமா? எது வசதி?" என்று கேட்டார். பஸ் கண்டக்டரைப் பார்த்து எது வசதி என்று இதுவரை யார் கேட்டிருக்கிறார்கள்? நான் நெகிழ்ந்து நிற்கும்போதே, காத்திருந்த என் வழக்கமான பயணி ஒருவர், "கண்டக்டர் சார்! நீங்க எங்க இங்க?" என்று அறை அதிரக் கத்தினார். அத்தனை தலையும் திரும்பியது. "யாரோ குடையை விட்டுட்டுப் போயிட்டாங்க, குடுக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் காதில் "வீட்டுக்கே அனுப்புங்கம்மா" என்றேன்.

பெட்டி வந்தது. சிறுநீருக்கு ஒரு டப்பா, தொண்டையில் தடவி எடுக்க ஒரு பஞ்சுக் குச்சி, உட்காரும் இடத்துக்கு ஒரு குச்சி. கூடவே ஒரு படம். அதில் ஒருவர் ஸ்டூல் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நிற்கிறார். எங்கள் குளியலறையில் ஸ்டூல் ஏது, வாளியைக் கவிழ்த்து ஏறினேன், வாளி ஒரு பக்கம் போக நான் ஒரு பக்கம் போனேன். "மாமா, என்ன விழுந்துச்சு?" என்று வெளியிலிருந்து தம்பி பெண்டாட்டி. என் மானம் என்று சொல்லவா முடியும்? "வாளிம்மா" என்றேன். ஒருவழியாக முடித்து, குச்சிகளை வெளியே கூடத்து ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கை கழுவித் திரும்பினால் அவள் கையில் ஒரு குச்சி! "இவ்ளோ நீளமா காது குடையறது எங்க வாங்கினீங்க?" என்று காதருகே கொண்டு போய்விட்டாள். பாய்ந்து பிடுங்கினேன் மச்சான். எது தொண்டை, எது மற்றது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு குச்சிக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று அவள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

மறுபடியும் கிளினிக்குக்கே ஓடினேன். சிஸ்டர், "ஆ சொல்லுங்க" என்றார். வாயைத் திறந்தால் தொழில் புத்தி, "ஆ... ரைட், போலாம்!" என்று வந்துவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஆகவே மச்சான், டாக்டரிடம் எடுத்துச் சொல்லுங்கள். எனக்கு மாத்திரை மட்டும் போதும். காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, தொண்டை கணீரென்று இருக்கிறது. நான் கத்தினால் பின்னால் வரும் பஸ் நிற்கிறது. இப்படிப்பட்டவனுக்கு எதற்கு டெஸ்ட்?

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியின்றி வளரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது சிஸ்டர் போன் செய்தார். தொண்டையில் தொற்று இருக்கிறதாம். "ஒண்ணுமே தெரியலையேம்மா" என்றேன். "நெறைய பேருக்குத் தெரியாது சார். மாத்திரை எச்.ஐ.வி.யைத்தான் தடுக்கும், மத்ததுக்குத்தான் டெஸ்ட். ஊசி போட்டா சரியாயிடும், பயப்படாதீங்க" என்றார். மச்சான், மேலே எழுதியது எதையும் டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள். அடுத்த டெஸ்டும் கிளினிக்கிலேயே, சிஸ்டர் கையாலேயே என்று சொல்லிவிட்டேன். அந்தப் பழக்கவட்டத்து இருவருக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை, நாளைக்கே டெஸ்டுக்கு வருகிறார்கள். கிளினிக்குக்கு வர இருவருக்கும் காலை வண்டிதான் வசதியாம். ஒருவரைப் பற்றி இன்னொருவருக்குத் தெரியாது. அந்த வண்டிக்குக் கண்டக்டர் நான்தான்.