பெரிய வியாழனுக்கு ஒரு கால் தேவை

திண்டுக்கல்,
குருத்து ஞாயிறு, மாலை.

அன்பு மைத்துனர் அருள்நாதன் அவர்களுக்கு,

ஆண்டவர் தங்களையும் தங்கள் வீட்டாரையும் கொடைரோடு வெயிலிலிருந்து காப்பாராக. தங்கள் அக்கா வியாகுலம்மாள் நலம். நானும் நலம் என்று எழுதி, அடித்துவிட்டேன். காரணத்தைக் குழப்பாமல் சொல்ல, முதலில் தலைப்புகளைத் தருகிறேன்.

1. என் வலது காலுக்கு நேர்ந்தது.
2. அதை நானே கெடுத்த விதம்.
3. பெரிய வியாழன் அன்று அந்தக் காலைக் காட்ட முடியாமை.
4. தங்கள் அக்காவுக்கு இது எதுவும் தெரியாது என்பது.
5. தங்களிடம் கேட்கும் உதவி.

சென்ற ஐப்பசியில் மொபெட் ஸ்டாண்டு தட்டிக் கணுக்காலுக்கு மேல் சிராய்த்தது. காயம் ஆறியது, ஆறிய இடத்தில் சிவந்த தடிப்பு ஒன்று வெள்ளிச் செதிலோடு எழுந்தது. சொறிந்தேன், நகம் போன வழியெல்லாம் அதே தடிப்பு வரிசையாக வந்தது. மருந்துக்கடை பாண்டியராஜிடம் காட்டினேன். "இம்புட்டுதானா சார்? இந்த ஆயின்மென்ட்ட நாலு நாள் தேய்ங்க, ஓடிரும்" என்றான். ஓடியது. நிறுத்தினேன். போனது சுற்றத்தாரையும் கூட்டிக்கொண்டு திரும்பி, புறங்காலிலிருந்து முழங்கால் வரை குடியேறிவிட்டது. எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் தோல் ஆறவில்லை என்று நானே முடிவு செய்து, தவக்காலத்தில் ஊரார் கறியை விட்டபோது, நான் காலையில் சீந்தில் பொடி, மதியம் முருங்கைக்கீரை சூப்பு, மாலையில் நிலவேம்புக் கஷாயம் என்று மணி பார்த்துக் குடித்தேன், வயிறு நான்கு நாள் போனது, கால் அப்படியே இருந்தது, செதில் வெளியே தெரியாமலிருக்கப் பங்குனி வெயிலில் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்றபோது ஒருவர், "பெருசு, கொடைக்கானல் பஸ்ஸு அந்தப் பக்கம்" என்றார். உள்ளே வியர்த்தது, அரித்தது, சொறிந்தேன். அதன் விளைவை மேலே எழுதிவிட்டேன்.

நேற்று முன்தினம் தோல் மருத்துவர் ஜீனத்திடம் போனேன்.

"எதிர்ப்பு சக்தி கம்மின்னு யாரு சார் சொன்னா?"

"நானாகத்தான்."

"கம்மியெல்லாம் இல்ல. ஆளு தெரியாம அடிக்கிது. உங்க தோலையே எதிரின்னு நெனச்சிருச்சு. அதான் ஒரு மாசத்துல வளர வேண்டிய தோலு நாலஞ்சு நாள்ல வளந்து செதிலா கொட்டுது. சோரியாசிஸ்."

"மற்றவர்களுக்கு ஒட்டுமா?"

"ஒருத்தருக்கும் ஒட்டாது. மருந்த நான் சொல்றப்ப போடுங்க, சொல்றப்ப கொஞ்சங் கொஞ்சமா நிறுத்துங்க. சொறியாதீங்க. பொடியக் குப்பையில போடுங்க. அடங்கும் சார். ஆனா திரும்ப வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன்."

இருபத்தெட்டு ஆண்டுகள் பிளஸ் டூவுக்கு உயிரியல் நடத்தியவன் நான். வெள்ளணுக்கள் நம் காவலர்கள் என்று கரும்பலகையில் எழுதினேன். காவலர்கள் வீட்டுக்காரனையே அடிக்கும் பகுதியை நடத்தினேனா என்று நினைவில்லை. ரேஷன் கடை வரிசையில் முன்னால் புகுந்தவனைக்கூட ஒரு வார்த்தை கேட்காத எனக்குள் இவ்வளவு சண்டைக்குணம் எங்கிருந்து வந்தது? வெளியே செலவழிக்காதது உள்ளே தேங்கியதோ? மருத்துவரிடம் இதைக் கேட்கத் துணியவில்லை.

இன்று பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தார்கள். பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்கு, பங்கிலுள்ள அன்பியக் குழுவுக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர். எங்கள் தெரு அன்பியத்துக்குக் கிறிஸ்துராஜ் ஆசிரியர். என் பெயரை யார் கொடுத்தார்களோ! ரொனால்டு சாமியார் கழுவித் துடைப்பதோடு விடமாட்டார், குனிந்து முத்தமும் இடுவார். கோவில் நிறைந்த கூட்டத்தில் அவர் உதட்டில் என் செதில் ஒட்டினால் என்ன செய்வேன்? இது தொற்றாது என்று ஒலிபெருக்கியிலா சொல்ல முடியும்? அவர் முகம் ஒரு நொடி சுளித்தால் போதும். அதற்குப் பிறகு நான் பூசைக்கே போகமாட்டேன். தங்கள் அக்காவிடமே காட்டவில்லை. ஆறு மாதமாகக் காலுறையோடு படுக்கிறேன். தைலம் தேய்த்துவிட வந்தால், தூக்கம் வருகிறது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறேன். பாவம், எனக்குக் குளிர் என்று நம்புகிறாள்.

ஆகவே தாங்கள் வியாழன் பிற்பகல் ரயிலில் வந்து என் இடத்தில் உட்கார வேண்டும். தங்கள் கால் நல்ல கால். கல்யாணப் புகைப்படத்தில் பார்த்திருக்கிறேன். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். காய்ச்சலை நான் எப்படியாவது ஏற்பாடு செய்துகொள்கிறேன்.

தங்கள் துணைவியாருக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும். எல்லார் தோலும் நன்றாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கிறிஸ்துராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டேன். தங்கள் அக்கா கடிதத்தை வாங்கி முழுவதும் படித்துவிட்டாள். "ஏங்க, ஆறு மாசமா போர்வையில கொட்டுறத உதறுறது யாரு, அந்தோணியாரா?" என்றாள். "பேரக் குடுத்ததும் நாந்தான். சாமியாருகிட்ட எல்லாத்தையும் சொல்லித்தான் குடுத்தேன்." ஏன் என்று கேட்டேன். "என்னையத்தான் தொடவிட மாட்டேங்குறீக. சாமியாரு தொட்டா, தூக்கம் வருதுன்னு திரும்பிக்கவா போறீக?" பிறகு தரையில் உட்கார்ந்து, காலுறையைக் கழற்றி, மருத்துவர் கொடுத்த களிம்பை அவளே போட்டாள். முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன், சுளிக்கவில்லை. வியாழனை நினைத்தால் இன்னும் நடுக்கம்தான். ஆனாலும் தாங்கள் வர வேண்டாம். நான்காவது தலைப்பு தவறு.