திறக்க மறுக்கும் ஃபோல்டர் குறித்து மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்களும் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை. போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததுமே "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மாமா" என்று முடித்துவிடுகிறீர்கள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாகிவிட்டது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, ஒரு குளியல் போட்டுவிட்டு வந்து, மறுபடி செருகியும் பார்த்தாகிவிட்டது. ஆகையால் விஷயத்தை ஆதியோடந்தமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கவும்.

அத்தைக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்வதற்கு முந்தின நாள், இனி குரல் வருவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் அல்லவா, அன்று சாயங்காலம் அவளைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து, அவள் பேசுவதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன். இது உங்களுக்கும் மகளுக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அதைப் போட்டுக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. பத்திரமாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். பத்திரப்படுத்துவதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரிட்டயர் ஆகும்வரை ஆபீசில் ஆவண அறை என் பொறுப்பில்தான் இருந்தது. உறைக்குள் உறை, ஒவ்வொரு உறையின் மேலும் உள்ளே இருப்பது இன்னதென்று முழு விவரம், அதுதான் எங்கள் முறை. அந்த முறைப்படியே ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போட்டு, வெளி ஃபோல்டருக்கு "குடும்பம் தொடர்பான, நிரந்தரப் பாதுகாப்புக்குரிய, எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாத ஒலிப்பதிவுகள்" என்று பெயர் வைத்தேன். உள்ளே இருப்பவற்றின் பெயர்கள் இன்னும் சற்று விளக்கமாக இருக்கும். பயம் வரும்போதெல்லாம் வெளிப் பெயரில் ஒரு சொல்லைக் கூட்டியும் வந்தேன்.

போன வாரம் அத்தை, இப்போதெல்லாம் எழுதிக் காட்டுகிறாளே அந்த வெள்ளைப் பலகையில், "நான் எப்படிப் பேசுவேன்? எனக்கே மறந்துபோச்சு" என்று எழுதி என் முன்னால் நீட்டினாள். "கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். முதல் ஃபோல்டர் திறந்தது. அடுத்ததும் திறந்தது. கடைசி ஃபோல்டரைத் தட்டியதும் திரையில் சக்கரம் சுற்றியது, ஜன்னல் வெளுத்தது, தானாக மூடிக்கொண்டது. மறுபடி தட்டினால் ஒரு பெட்டி வந்து, பெயர் ரொம்ப நீளம் என்கிறது. எத்தனை அதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன், ஒருவர் வாயிலிருந்துகூட அப்படி ஒரு சொல் வந்ததில்லை. அந்தப் பெட்டியில் "சரி" என்று ஒரு பொத்தான்தான் இருக்கிறது; "சரியில்லை" என்று சொல்ல விரும்புகிறவனுக்கு வழியே வைக்கவில்லை. வேறு வழியில்லாமல் சரி என்று அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் அழுத்திக்கொண்டிருக்கிறேன்.

மாடி வீட்டு பேங்க்காரர் வந்து பார்த்து, வைரஸ் என்று தீர்ப்புச் சொல்லி எதையோ ஓடவிட்டார். மெஷின் சூடானதுதான் மிச்சம். ஃபோல்டரை அப்படியே மவுசால் இழுத்துப் பென் டிரைவில் போட்டுவிடலாம் என்று பார்த்தேன், பாதி வழியில் விரல் நழுவி அது வேறு எதற்குள்ளோ விழுந்துவிட்டது. தேடிக் கண்டுபிடித்துப் பழைய இடத்தில் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் நாற்காலியில்கூடச் சரியாக உட்காரவில்லை.

"மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடலாம் சார். கிளீனா ஆயிடும்."

"அதுக்குள்ள என் சம்சாரத்தோட குரல் இருக்குப்பா."

"பேக்கப் எடுத்து வச்சிருக்கீங்களா?"

"குரலே ஒண்ணுதாம்ப்பா இருந்துச்சு."

அத்தை மேஜையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அத்தை பலகையைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டாள். அதன் பிறகு அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே அடுத்த லீவு நாளில் தாங்கள் நேரில் வந்து, எதையும் அழிக்காமல், அவள் குரலை மட்டும் வெளியே எடுத்துத் தர வேண்டும். மகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், அழுவாள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், தட்டினால் திறக்கிற ஃபோல்டர்களோடு நீண்ட காலம் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

மாமா

பி.கு.: வர வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை தேடி எழுந்து போனேன். அந்த நேரத்தில் அத்தை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பெட்டி சொன்னதைப் படித்துப் பார்த்து, வெளி ஃபோல்டரின் பெயரை அழித்துவிட்டு "வீடு" என்று வைத்திருக்கிறாள். உள்ளே எல்லாம் திறந்துகொண்டது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம். முதலில் என் குரல். "மைக்குக் கிட்ட வா. அவ்வளவு கிட்ட வேணாம். ஃபேனை நிறுத்து. பேசறது நிதானமா, தெளிவா இருக்கணும்." அப்புறமும் என் குரல்தான். எப்படிப் பேச வேண்டும் என்று விளக்கிக்கொண்டே போகிறேன், மாப்பிள்ளை. வெகு நேரம் கழித்துத்தான் அத்தை வருகிறாள். "நீங்க முடிச்சீங்கன்னா நான் பேசட்டுமா?" அதற்கும் நான், "இரு, இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்கிறேன். அந்த விஷயம் முடிவதற்குள் பதிவு நின்றுபோயிருக்கிறது. அதற்கப்புறம் அவள் பேசியது எதுவும் ஏறவே இல்லை. அத்தை சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் போனிலோ மகளின் போனிலோ அத்தை எப்போதாவது பேசியது இருந்தால் தயவுசெய்து அனுப்பி வையுங்கள். என்னைத் திட்டியதாக இருந்தாலும் பரவாயில்லை. நடுவில் நான் பேசியிருந்தால் அதை மட்டும் வெட்டிவிடுங்கள்.