காலையில் பெட்டை, பிற்பகலில் சேவல்

மோதிர ஐயாவுக்கு என் தங்கை தரவேண்டிய பாக்கி மூவாயிரத்து நானூற்றைம்பது. அவள் வயிற்றில் இருப்பது பெண்ணாம். அதை ஆணாக மாற்றித் தருவதற்கான கூலி மொத்தம் ஐயாயிரம். முன்பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் மீதி வராவிட்டால் குழந்தை மறுபடியும் பெண்ணாகிவிடும் என்று ஐயா கொடுத்த சீட்டில் எழுதியிருந்தது. நாற்பது வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இரண்டு தடவை படித்தேன். எழுத்தில் பிழையே இல்லை.

பாக்கிக்காகத் தையல் மிஷினை விற்பது என்று அவள் மாமியார் முடிவு கட்டிவிட்டார். அந்த வீட்டுக்குச் சோறு போடுவதே அந்த மிஷின்தான்.

நானும் தங்கையும் ஐயாவைப் பார்க்கப் போனோம். பஸ் நிறுத்தம் வரை வரிசை. பழைய சைக்கிள் கடைக்குத் திரை கட்டி, ஒற்றை விளக்கு ஏற்றி உட்கார்ந்திருந்தார். அன்று பொரித்த கோழிக்குஞ்சைக் கொண்டுவந்து நீட்டினால் நூலில் கட்டிய மோதிரத்தை அதன் மேல் ஆட்டுவார். வட்டமாகச் சுற்றினால் பெட்டை, நேராக ஆடினால் சேவல். வளர்ந்தபின் பார்த்தால் சொன்னது சொன்னபடி! குஞ்சைச் சொன்னவர் குழந்தையைச் சொல்ல மாட்டாரா? கடிகாரம் பழுதுபார்க்கிறவர் கண் ஆபரேஷனும் செய்வார் என்று நம்புகிற கூட்டம்.

"அண்ணே, கேலி பண்ணாம வாயை மூடிக்கிட்டு நில்லு."

"வாயை மூடிட்டேன். கண்ணை மூடச் சொல்லலையே?"

மூடாததால்தான் தெரிந்தது. மோதிரத்தை எடுக்குமுன் குஞ்சுக்கு 'ஆசி' வழங்கினார் ஐயா. இரண்டு விரலால் இறக்கையை விரித்து, ஒரு நொடி பார்த்து, விட்டார்.

அட பாவி, இது என் வேலையாச்சே!

குஞ்சு பொரிக்கும் ஆலையில் பதினெட்டு வருஷமாக நான் செய்வது அதைத்தான். இறக்கை நுனியில் இரண்டு வரிசை இறகு. ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றால் பெட்டை. இரண்டும் ஒரே அளவென்றால் சேவல். எங்கள் ஆலைக் கோழி ஜாதிக்கு, பொரித்த முதல் நாளில் மட்டும் இது செல்லும். ஊரே குஞ்சு வாங்குவது எங்கள் வாசலில்தான். தினம் ஐயாயிரம் குஞ்சு பிரிக்கிறேன். முதலாளி எனக்கு முதுகுவலித் தைலம்கூட வாங்கித் தந்ததில்லை. இவருக்கோ வரிசை!

வயிற்றுக்கு மட்டும் எப்படிச் சொன்னார்? கண்ணை மூடிச் சொன்னாலும் பாதி சரியாகத்தானே வரும்! தப்பாகிப்போன மீதிப் பேரிடம், பாக்கி வைத்ததால் மாறிவிட்டது என்பார்.

வெள்ளிக்கிழமை காலை, வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே, பக்கத்து டீக்கடை அக்கா, நான் ஆலையிலிருந்து கொண்டுவந்த அன்று பொரித்த பத்துப் பெட்டைக் குஞ்சுகளின் உள்ளங்காலில் அழியாத மையால் எண் போட்டார். உள்ளே கொண்டுபோனோம். மோதிரம் பத்து முறையும் வட்டமடித்தது. பத்தும் பெட்டை என்று ஐயாவே சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மத்தியானம் டீக்கடைக்குப் பின்னால் தங்கை குஞ்சுகளைப் பிடித்துக்கொண்டாள். நீண்ட இறகுகளின் நுனியை மட்டும், குட்டை வரிசைக்குச் சமமாக, கத்தரியால் நறுக்கினேன்.

"இந்த வேலையெல்லாம் ஐயாகிட்ட பலிக்காது தம்பி," என்று அங்கே வந்து சிரித்த மாமியாரே குஞ்சுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கூட்டமும் திரைக்குள் தலையை நீட்டியது.

மோதிரம் பத்து முறையும் நேராக ஆடியது. "பத்தும் சேவல்!" இரண்டாவது சீட்டும் வந்தது.

மாமியார் குஞ்சுகளின் காலைத் திருப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து வரை எண்ணும்போது அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

ஐயா அசரவில்லை. "காலைல பெட்டைதாம்மா. நான்தான் சேவலா மாத்தினேன்!"

கேவலம், கூட்டத்தில் பாதி தலையாட்டிவிட்டது.

"அப்படியா?" என்றார் மாமியார். "கேக்காமலே பத்துக் குஞ்சை ஓசியில மாத்திட்டீங்க. என் மருமக ஒருத்திக்கு மட்டும் ஐயாயிரமா?"

தலையாட்டல் நின்றது. நான் கத்தரியைக் காட்டினேன். இன்னொரு குஞ்சைக் கைக்குட்டையில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய நீட்டினேன். "இறக்கையைத் தொடாம சொல்லுங்க ஐயா."

மோதிரம் கொஞ்சம் வட்டமடித்தது, கொஞ்சம் நேராக ஆடியது, பிறகு நடுங்கியது. "இன்னிக்குத் தலைவலி," என்றார் ஐயா.

"எங்களுக்குப் போயிடுச்சு," என்றார் டீக்கடை அக்கா.

மாமியார் பாக்கிச் சீட்டைத் திருப்பி அவர் முன் வைத்தார். "எழுதுங்க." பாக்கி இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார் ஐயா. முன்பணத்தையும் அங்கேயே எண்ணி வாங்கினார் மாமியார். சீட்டு இப்போது தையல் மிஷினில் ஒட்டியிருக்கிறது.

தங்கைக்கு என்ன குழந்தை பிறந்தது என்று கேட்பீர்கள். கேட்கிறீர்கள் பாருங்கள், அந்த ஆசைதான் ஐயா தொழிலில் போட்ட முதல். மோதிரம் வெறும் ஜோடனை. தங்கையின் கணக்கு தீர்ந்துவிட்டது. உங்கள் மூளையை எவனிடமாவது அடகு வைத்திருந்தால் முதலில் போய் மீட்டுக்கொண்டு வாருங்கள்.