கல்லடைப்புக்குக் காய்ச்சிய பீர்

என் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு இந்தத் தலையில் அப்பளமே பொரிக்கலாம்.

மில்லில் என்னை ஒரு மாசம் பெங்களூருக்கு டிரெயினிங் அனுப்பினார்கள். மெஷினைப் பற்றி ஒன்றும் கற்கவில்லை. பீரைப் பற்றிக் கற்றேன். என்னோடு அறையில் தங்கிய மைசூர்க்காரர் அதை வீட்டிலேயே காய்ச்சுகிறவர். முதலில் கண்ணால் பார்க்கணும், பிறகு மோந்து பார்க்கணும், நாக்கில் உருட்டணும், அப்புறம்தான் முழுங்கணும் என்றார். திருநகருக்குத் திரும்பி வந்தால், நம் ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைக் கவிழ்க்கிறார்கள்! பற்றிக்கொண்டு வந்தது. சரி, இந்த மதுரையில் பீருக்கு மரியாதை செய்ய நான் ஒருத்தனாவது இருப்பேன், நானே காய்ச்சுவேன் என்று முடிவு செய்தேன்.

சிம்மக்கல்லில் தோல் நீக்காத பார்லி வாங்கினேன். முளைகட்டி, மாடியில் காயவைத்து, வறுத்து, இடித்துக் காய்ச்சினேன். சேக் இஸ்மாயில் பேக்கரியில் கெஞ்சி ஈஸ்ட் வாங்கிப் போட்டேன். கசப்புக்கு வேப்பம்பூ. எல்லாவற்றையும் ஊறுகாய் ஜாடியில் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை திறப்பதாகத் திட்டம். முதல் டம்ளர் எனக்கு, கடைசி டம்ளரும் எனக்கு.

என் மனைவி ஒச்சாயி குனிந்து பார்த்தாள்.

"என்னங்க இது, புஸ்ஸு புஸ்ஸுங்குது?"

"மருந்து. எனக்குக் கல்லடைப்பு."

"அடியாத்தி! எம்புட்டுக் கல்லு?"

"புளியங்கொட்டை அம்புட்டு."

"தொறந்து பாக்கவா?"

"தொடாத! பத்து நாளைக்குள்ள தொட்டா மருந்து முறிஞ்சிரும்."

நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அன்றைக்கே வாழைத்தண்டு வீட்டுக்குள் வந்தது. காலையில் சாறு, மத்தியானம் பொரியல், ராத்திரி கூட்டு. கறி கிடையாது, மீன் கிடையாது. எட்டாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினேன்.

"கல்லு கரைஞ்சிருச்சுடி! நேத்தே போயிருச்சு!"

"நெசமாவா?"

"சத்தியமா!"

"கருப்பா!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "மருந்த வாயிலயே வைக்கல, அதுக்குள்ள கரைச்சுட்டியே! எங்க ஊருக் கருப்பனுக்கு நேந்திருந்தேங்க. கல்லு கரைஞ்சா உங்களுக்கு மொட்டை. அந்த மருந்து அவனுக்குப் படையல்."

"மருந்த எதுக்குடி படைக்கணும்?"

"கல்லுதான் இல்லையே, இனி உங்களுக்கு எதுக்கு?"

வாயைத் திறந்தேன். அதற்குள் என் கையில் காப்பு கட்டிவிட்டாள். அவிழ்க்கிற வரைக்கும் கவுச்சி, போதை எதையும் தொடக்கூடாதாம்!

ஞாயிற்றுக்கிழமை செக்கானூரணி பஸ்ஸில் அந்த ஜாடியை என் மடியிலேயே வைத்துச் சுமந்துபோனேன். கோயிலில் என் தலையை மழித்தார்கள். ஒச்சாயியின் அண்ணன் காசிமாயன்தான் அங்கே சாமியாடி. கருப்பன் அவன் மேல் இறங்கினான். ஒரு டம்ளர் மொண்டான்.

வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். மோந்து பார்த்தான். நாக்கில் உருட்டினான். அதற்குப் பிறகுதான் முழுங்கினான்.

எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. சாமி வந்தவன் எந்த ஊரிலாவது மோந்து பார்த்துக் குடிப்பானா? ஜாடி காலியாகிற வரைக்கும் உருட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினான்.

"டேய் தவசி! மாசா மாசம் எனக்கு இந்த மருந்து வேணும்டா!"

பெண்கள் குலவை போட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மொட்டைத் தலையை ஆட்டினேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பொரிந்து தள்ளினேன்.

"மோந்து பாக்குறது, உருட்டுறதெல்லாம் உங்க அண்ணனுக்கு எவன்டி சொல்லிக் குடுத்தான்?"

"நான்தான். நீங்கதான் தூக்கத்துல தெனமும் ஒளறுனீங்களே."

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆறாம் நாளே நானும் ஒரு டம்ளர் உருட்டிப் பாத்தேங்க. அடுத்த வாட்டி வேப்பம்பூவ ஒரு பிடி கொறைங்க."