ஏறி இறங்கிய இரும்புக் கதவு

ஐப்பசியில் மேலே ஏறிய கதவு, கார்த்திகையில் கீழே இறங்கிவிட்டது. மரக்கதவாக இருந்தால் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், போய்த் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். இது இரும்புக் கதவு. அஞ்சடி அகலம், எட்டடி உயரம், ஒற்றைக் கதவு. இரும்பு எப்படி ஏறி இறங்கும் என்று, காரைக்குடியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பூமிநாதனுக்கு விளங்கவேயில்லை.

மானகிரியில் தங்கச்சாமி புதிதாகத் திறந்த உரக்கடையின் கதவு அது. எழுபத்தி மூணாம் வருஷம் ஆவணியில் நல்ல நாள் பார்த்து மாட்டினார்கள். மாட்டிய அன்று பூமிநாதன் கூட்டத்தின் நடுவில் நின்று சுண்டுவிரலால் ஒரு தள்ளு தள்ளினான். கதவு சத்தமே இல்லாமல் போய்ப் பொருந்தியது. அதோடு அவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இன்னும் பத்து வருஷத்துக்கு இதே விரல்தான், இதே கதவுதான் என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டான்.

அந்தக் கூட்டத்தில் கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர் இராமநாதனும் இருந்தார். சங்கம் கட்டுகிற புதுக் கிடங்குகளுக்குப் பதினாலு இரும்புக் கதவு வேண்டியிருந்தது. அவர் கதவைப் பார்த்தார், விரலைப் பார்த்தார்.

"பத்து வருசமெல்லாம் வேணாம்யா. ஒரு மழை போகட்டும். கார்த்திகை கடைசி வெள்ளிக்கிழமை வாரேன். அன்னைக்கும் ஒத்த விரலுக்கு மூடுச்சுன்னா பதினாலு கதவும் உமக்குத்தான்" என்றார்.

பூமிநாதன் அன்றைக்கே கோட்டையூரில் மாமனார் வீடு வரைக்கும் போய்ப் பதினாலு கதவு என்று சொல்லிவிட்டு வந்தான். டீக்கடையில் அவனுக்குப் பட்டப்பெயரே பதினாலு என்று ஆகிப்போனது. இனி அந்த ஆர்டர் கைநழுவினால் காரைக்குடியில் அவன் தலைகாட்ட முடியாது.

ஐப்பசி முதல் மழை நாலு நாள் ஊற்றியது. ஐந்தாம் நாள் தங்கச்சாமியிடமிருந்து ஆள் வந்தது. கதவின் தலை மேல்நிலையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறதாம். பூமிநாதன் தன் பட்டறையில் இருக்கும் கருத்தையாவைக் கூட்டிக்கொண்டு போனான். கருத்தையா அவனைவிடப் பத்து வயது மூத்தவர். கேட்டால்தான் பேசுவார், கேட்டாலும் பாதிதான் பேசுவார். இருவருமாகக் கீலில் இருந்த வாஷர்களைக் கழற்றிக் கதவை இறக்கினார்கள். அப்படியும் இடித்ததால் தலைப்பக்கம் ஒரு விரற்கடை வெட்டி எடுத்தார்கள். கதவு பொருந்தியது.

தங்கச்சாமியின் மனைவி வள்ளிக்கண்ணு, ஆளுக்குப் பன்னிரண்டு வெள்ளைப் பணியாரம் வைத்துச் சாப்பிடச் சொன்னாள். அவளுக்கு எதையும் அளந்து கொடுக்கத் தெரியாது. போதும் என்று இலையை மறைத்தால் கைமேலேயே வைத்துவிடுவாள். கடைத் திறப்பு அன்று அவள் போட்ட சாப்பாட்டில் செயலாளரே இடுப்பு வாரைத் தளர்த்திக்கொண்டுதான் எழுந்தார்.

மழை விட்டுப் பதினைந்து நாள் ஆனது. கதவு இறங்கியது. திறக்கும்போதும் மூடும்போதும் தரையைப் பிறாண்டிக்கொண்டு அது போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்களுக்குப் பல் கூசியது. சிமெண்டுத் தரையில் அரைவட்டமாக ஒரு கோடு விழுந்தது. கழற்றிய வாஷரையெல்லாம் பூமிநாதன் திரும்ப மாட்டினான். இரண்டு நாள் தாங்கியது. கீல் தேய்ந்திருக்கும் என்று பெரிய கீலாகப் பார்த்து மாற்றினான். மூன்று நாள் தாங்கியது. கதவுதான் கோணிவிட்டது என்று மூலைக்கு மூலை குறுக்கே ஒரு இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்தான். பட்டையின் கனத்தில் கதவு அன்றைக்குச் சாயங்காலமே இன்னும் இறங்கியது.

"ஆசாரி, நீங்க கைய வைக்காம இருந்தா அது பாட்டுக்கு நிக்குமோன்னு தோணுது" என்றார் தங்கச்சாமி.

பூமிநாதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடிப்பக்கம் ஒரு அங்குலத்தை வெட்டித் தள்ளினான். தரையில் உரசுவது நின்றது. ஆனால் மேலேயும் வெட்டி, கீழேயும் வெட்டி, கதவு நிலைக்குச் சின்னதாகப் போய்விட்டது. மேல் இடுக்கு வழியாக ஒரு பூனை போய்வந்துகொண்டிருந்தது. கொண்டி ஒரு பக்கம், நாதாங்கி ஒரு பக்கம். பூட்ட வழியில்லாமல், அத்தனை பெரிய இரும்புக் கதவைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டி வைத்தார் தங்கச்சாமி. வாடிக்கையாளர்கள் உரம் வாங்க வருகிறார்களோ இல்லையோ, கயிற்றைப் பார்க்க வந்தார்கள்.

இப்படியாகக் கடைசி வெள்ளிக்கு இரண்டே நாள் மிச்சம். புதன்கிழமை காலையில் பூமிநாதன் கதவுக்கு எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பதினாலு கதவும் ஒவ்வொன்றாகக் கண்முன்னால் நடந்துபோயின. கீல் பக்கத்து நிலைக்கால் ஓரம் இரண்டு பயற்றஞ்செடி முளைத்துக் கிடந்தது. உரக்கடை வாசலில் எதுதான் முளைக்காது என்று எரிச்சலோடு பிடுங்கி எறிந்தான். பிடுங்கக் குனிந்தவன் அப்படியே நின்றான். நிலைக்காலில் ஆவணியில் பூசிய மஞ்சள் பட்டை அன்று தரைக்கு மேலே மூணு விரல் அகலத்துக்கு இருந்தது. இப்போது பாதி மண்ணுக்குள் இருந்தது.

"அண்ணே, தூக்குக்குண்டை எடுங்க" என்றான் கருத்தையாவிடம்.

குண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மேல்நிலையில் ரசமட்டத்தை வைத்தார்கள். குமிழி ஒரு ஓரமாக ஓடி நின்றது. பூமிநாதனுக்கு இப்போதுதான் விளங்கியது. ஒரு மாதமாகக் குற்றமில்லாத கதவைப் போட்டு வெட்டியிருக்கிறான்.

"கதவு இறங்கலண்ணே. கதவைத் தாங்குற காலு இறங்கியிருக்கு" என்று தங்கச்சாமியிடம் சொன்னான்.

தோண்டினார்கள். நிலைக்காலுக்குக் கீழே ஒரு பானையை வைக்கலாம் போலப் பொந்து. பெருச்சாளி வேலை என்று தங்கச்சாமி தீர்ப்புச் சொன்னார். ஐப்பசி மழையில் அதே பெருச்சாளி காலை எப்படி மேலே தூக்கியது என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து லாரிக்காரரிடம் ஜாக்கி வாங்கி வந்து, நிலையை நூல் பிசகாமல் தூக்கி நிறுத்தினார்கள். ஆவணியில் தரைக்குப் போகச் சிமெண்டு மிஞ்சாமல் சரளையும் மண்ணும் போட்டு இடித்தது தப்பு, இந்தத் தடவை கான்கிரீட்தான் என்று பூமிநாதன் சொல்லிவிட்டான். தங்கச்சாமி எங்கோ பர்மிட்டில் வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்த ஒரு மூட்டையை மனசில்லாமல் எடுத்துக்கொடுத்தார்.

கலவை போடப்போகிற நேரத்தில் வள்ளிக்கண்ணு வந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போடலாம், குழி எங்கேயும் ஓடிப்போகாது என்று மூன்று பேரையும் கொல்லைப்பக்கம் அனுப்பினாள். மஞ்சளும் பூவும் வைக்க வேண்டும் என்றாள். ஆவணியிலும் அப்படித்தான் செய்தாள். நல்ல காரியம்தானே என்று பூமிநாதன் எழுந்து போனான்.

திரும்பி வந்து பார்த்தால் குழிக்குள் மணல் பரப்பிச் சமமாகத் தட்டி, மேலே பூ வைத்திருந்தது. தனக்கு முன்னால் சாப்பிட்டு எழுந்த கருத்தையா செய்திருப்பார் என்று பூமிநாதன் நினைத்தான். கலவையைக் கொட்டி இறுக்கினார்கள். மேலே வெட்டியதை மேலேயும், கீழே வெட்டியதைக் கீழேயும் வைத்துப் பற்றவைத்து, குறுக்குப் பட்டையைக் கழற்றி எறிந்து, வியாழன் சாயங்காலம் சாம்பல் நிறத்தில் ஒரு கை வர்ணமும் அடித்து முடித்தான்.

வெள்ளிக்கிழமை செயலாளர் சொன்னபடி வந்தார். கயிறு பார்க்க வந்து பழகிய கூட்டம் மொத்தமும் வந்திருந்தது. பூமிநாதன் விரலை நீட்டினான்.

"உம்ம விரல் வேணாம். அதுல ஏதாச்சும் வித்தை வச்சிருப்பீரு" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் தம் குடையின் நுனியால் கதவைத் தொட்டார்.

கதவு போயிற்று. அவசரப்படாமல், முனகாமல், தரையைத் தொடாமல் போய் நிலையில் உட்கார்ந்தது. கொண்டி நாதாங்கியில் தானாக வந்து நின்றது. செயலாளர் திறந்து மறுபடி தொட்டார். மூன்றாவது தடவை குடையைக் கருத்தையாவிடம் கொடுத்துவிட்டு வாயால் ஊதிக்கூடப் பார்த்தார். ஊதியதற்கும் கதவு கொஞ்சம் நகர்ந்தது என்று கூட்டத்தில் சிலர் பிறகு சத்தியம் செய்தார்கள்.

"பதினாலும் உமக்குத்தான்யா" என்று செயலாளர் அங்கேயே தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தங்கச்சாமி பூமிநாதனைக் கட்டிப்பிடித்தார். நார்க்கயிற்றை யாரோ எடுத்து மாலையாகச் சுருட்டிப் பூமிநாதன் கழுத்தில் போட, ஊரே சிரித்தது. பேசத் தெரியாத கருத்தையாகூட "நல்ல கதவு" என்று முழுசாக ஒரு வாக்கியம் பேசினார்.

உள்ளே பந்தி நடந்தது. பூமிநாதன் இருபது பணியாரம் சாப்பிட்டான். அவனுக்கு வயிறு நிறைந்தது, மனசு அதற்கு மேலே நிறைந்தது. வெளியே வானம் இருட்டி, கார்த்திகைக் கடைசி மழை பிடித்துக்கொண்டது. நிலைக்காலைச் சுற்றித் தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கியது. கொட்டட்டும் என்று அதைப் பார்த்துச் சிரித்தான் பூமிநாதன். இனி எந்த மழைக்கும் அவன் பயப்படுவதாக இல்லை.

வள்ளிக்கண்ணு அவன் இலையில் இன்னும் நாலு பணியாரத்தை வைத்தபடி சொன்னாள்:

"ஆவணியில நெலக்காலுக்கு அடியில ஒரு பிடி நவதானியம் போடச் சொன்னாக, எனக்கு மனசு கேக்காம ரெண்டு படி போட்டேன் ஆசாரியண்ணே, புதன்கிழமை பாத்தா குழியில ஒரு மணி மிச்சமில்ல, பூமாதேவிக்கு அம்புட்டுப் பசி போலன்னு இந்தத் தடவ அஞ்சு படியாப் போட்டு மணலைப் பரப்பி வச்சேன், செயலாளர் அய்யாகிட்டயும் சொல்லிட்டேன், அந்தப் பதினாலு கதவுக்கும் நானே வந்து என் கையால போட்டுத் தாரேன்னு."